குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவில்

அட்டவணையை டெக்ஸ்ட் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் ஆடுகள் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விடும். திரையில் இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை, அங்கே கட்டத்துக்குக் கட்டம் கோடு உண்டு. டெக்ஸ்ட் கோப்பில் கோடு கிடையாது, வெறும் இடைவெளிதான். திறந்து கிடக்கிற இடத்தில் ஆடு நிற்குமா?

பூங்கோதைக்கு இது திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஓர் ஆய்வு நிலையத்தில் அவள் நான்கு வருஷமாக ஒப்பந்த உதவியாளர். சாலைப்புதுக்குளம் என்ற ஊரில் நூற்றெண்பத்திரண்டு வீடுகளில் ஏறி இறங்கி, வீட்டுக்கு எத்தனை ஆடு என்று கேட்டு எழுதி வந்திருந்தாள். மென்பொருள் அத்தனையையும் சுருக்கி ஒரே வரியில் கொடுத்தது: சராசரி 11.4, குறைந்தபட்சம் 1, அதிகபட்சம் 96. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இந்த வரியைத் தலைமையகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் அவள் ஒப்பந்தம் இன்னொரு வருஷத்துக்கு நீளும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தலைமையகமோ டெக்ஸ்ட் கோப்பைத் தவிர வேறெதையும் வாங்காது.

முதல் எக்ஸ்போர்ட்டில் குறைந்தபட்சம் 38, அதிகபட்சம் 59 என்று வந்தது. இரண்டாவதில் 22, 75. நான்காவதில் குறைந்தபட்சம் 60 ஆகவும் அதிகபட்சம் 37 ஆகவும் இருந்தன. கூட்டிப் பார்த்தால் எப்போதும் தொண்ணூற்றேழு. ஓர் ஆடுகூடத் தொலையவில்லை என்பது நல்ல விஷயம்தான், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இயக்குநர் ஞானதுரையிடம் சொன்னாள்.

"சராசரி சரியாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"அது மாறாது சார். ஆடு எந்த வீட்ல நின்னா அதுக்கென்ன?"

"அப்போ மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணுங்க."

அவருக்குத் தலைவலிக்கும் இதே மருந்துதான். பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினாள். எண்களுக்கு நடுவே காற்புள்ளி வைத்துப் பார்த்தாள். அது ஆட்டின் குளம்பு உயரம்கூட இல்லை, தாண்டிவிட்டன. இடைவெளியை அகலமாக்கினாள். சற்று நேரம் கூடுதலாக நடந்து வந்தன, அவ்வளவுதான். நெட்டுக்குத்தாகக் கோடு போட்டாள். ஆடுகள் நின்றன, ஆனால் கோடுகள் ஏற்கப்படமாட்டா என்று தலைமையகம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது.

வியாழக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கே போனாள். குறைந்தபட்சம் என்பது பேச்சித்தாய். அதிகபட்சம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் இசக்கிபாண்டி. கோப்பில் இருப்பதுபோலவே ஊரிலும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவே பதினைந்து அடி வெற்றிடம். பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என்ன காரணம் என்று இருவருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது, இருவரும் சொல்லவில்லை.

பேச்சித்தாய் முற்றத்தில் வெறும் கொடியும் குச்சியுமாக நின்ற பந்தலைக் காட்டினாள். "நேத்து மட்டும் ஆடு ஏழு தடவ வந்துட்டு. அவரையில ஒரு எல மிச்சமில்ல. நீங்கதான் அனுப்பி வச்சீயளாம்லா?"

புதன்கிழமை எக்ஸ்போர்ட் பொத்தானை ஏழு தடவை அழுத்தியது பூங்கோதைதான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

"வெள்ளிக்கிழம ஒரே ஒரு நாள் ஆட்டக் கட்டிப் போடுங்கண்ணே" என்று இசக்கிபாண்டியிடம் கேட்டாள்.

"கட்டுதேன். அதுக்கென்ன. அவ வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்."

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் பேச்சித்தாய். "அவன் ஆடு. அவன் கட்டணும்."

அந்தப் பதினைந்து அடியை அன்று மத்தியானம் பூங்கோதை ஒன்பது தடவை கடந்தாள். அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசாததற்கு என் பிழைப்பில் மண் விழ வேண்டுமா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கைப்பையிலிருந்த அட்டவணைத் தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் சராசரியை அதன் இடத்திலிருந்து பெயர்த்து, குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவில் வைத்து எக்ஸ்போர்ட் செய்தாள். 1, 11.4, 96. ஆடுகள் அசையவில்லை. நாலு நாற்பதுக்குத் தலைமையகம் கோப்பைப் பெற்றுக்கொண்டது. நாலு ஐம்பதுக்குப் பேச்சித்தாய் போன் செய்தாள்.

"நடுவுல ஒரு ஓட்டு வீடு வந்திருக்கும்மா. ஒரு மனுசன் குடியிருக்காரு. நல்ல மாதிரியாத்தான் தெரியுது."

திங்கட்கிழமை ஒப்பந்த நீட்டிப்பு உத்தரவு வந்தது. சராசரியின் பெயருக்கு வந்தது. எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒருவர் கிடைத்துவிட்ட பிறகு நூற்றெண்பத்திரண்டு வாசல் ஏறி இறங்குவானேன், வேண்டியதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் முதல் பஸ்ஸிலேயே வந்து பூங்கோதையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பாதிக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

"எக்ஸ்போர்ட் பண்ணுதது எங்கிட்டு இருக்கு, மேடம்?" என்று தன்மையாகக் கேட்டார்.

காட்டிக் கொடுத்தாள். நான்கு வருஷ வேலையைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று. அவளுக்கு வயிறு எரிந்தது. மனிதர் கூடுதலாகவும் இல்லாமல் குறைவாகவும் இல்லாமல் நன்றி சொன்னார், அதுவும் எரிந்தது.

"சார், அப்போ நான்?" என்று ஞானதுரையிடம் போய் நின்றாள்.

"அவர் இங்க வந்துட்டதால அங்க வீடு காலியா இருக்கும்மா. ஆளில்லாத வீட்டுக்குள்ள ஆடு பூந்து அந்தப் பக்கம் போயிரும். நீங்க அங்க போயிருங்க."

"மாசாமாசம் சம்பளம்?"

"அதான் அந்த வீட்டுக்குன்னு ஆடு இருக்குல்ல."

மத்தியானத்துக்குள் பெட்டியோடு அந்த ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தலைமுடியை முடிந்துகொண்டு வீட்டைக் கூட்டத் தொடங்கியதுமே மேற்குச் சுவருக்கு அப்பாலிருந்து பேச்சித்தாயின் குரல் வந்தது.

"யம்மா, அந்தப் பக்கத்துல மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லும்மா."

பூங்கோதை துடைப்பத்தை வைத்துவிட்டுக் கிழக்குச் சுவருக்குப் போய்க் கேட்டாள்.

"அப்படியேதான் கெடக்குன்னு சொல்லு" என்றார் இசக்கிபாண்டி. "ராத்திரிதான் கூடுதலா இருக்குன்னும் சொல்லு."

மேற்குச் சுவருக்கு வந்து சொன்னாள். அதற்கு ஒரு தைலத்தின் பெயர் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கிழக்கே சொன்னாள். தைலத்தைச் சூடாக்க வேண்டுமா என்று அங்கிருந்து கேள்வி வந்தது. வேலையும் போய், இப்போது இவர்களுக்கு வாயாகவும் இருக்க வேண்டியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டுதான் நடந்தாள், ஆனாலும் ஒரு வார்த்தையையும் வழியில் விடவில்லை.

இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. சராசரிதான்.

"மேடம், சரியா மூணு மணிக்கு எக்ஸ்போர்ட் பண்ணுதேன். உள்ள இருந்துக்கிடுங்க."

பூங்கோதை பதினோரு ஆடுகளையும் வீட்டுக்குள் விரட்டிவிட்டு, புள்ளி நான்கைக் கையில் தூக்கிக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.