உருளைக்கிழங்கு என்று யாரும் சொல்லக் கூடாது

1.

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை உருளைக்கிழங்குக்காக.

ஸ்லோவாக்கியாவின் மலையடிவாரத்தில், வெந்நீர் ஊற்றில் குளித்து மூட்டுவலியைத் தீர்த்துக்கொள்ள ஆட்கள் வந்து தங்கும் விடுதி. அதன் சலவைக்கூடத்தில் பல வருடங்களாக இஸ்திரி போடுகிறேன். என்னோடு மூன்று பெண்கள்: உக்ரைன்காரி ஒதார்கா, போலந்து மலைக்காரி ப்ரோன்யா, செர்பியாவிலிருந்து வந்த தெசாங்கா. மூவரின் மொழிகளும் அக்கா தங்கைகள். ஒரு மதியம், ஒரே தட்டை வைத்துச் சண்டை மூண்டது. என் முதல் வரைவு:

"இது உருளைக்கிழங்கு" என்றாள் ஒதார்கா.

"போடி, இது உருளைக்கிழங்கு" என்றாள் ப்ரோன்யா.

"ரெண்டும் தப்பு. உருளைக்கிழங்கு!" என்றாள் தெசாங்கா.

(அடித்துவிட்டேன். மூன்று பைத்தியங்களைப் பற்றிய கதையாகிவிட்டது.)

அவர்கள் சொன்னவை கர்தோப்ல்யா, க்ரூலே, க்ரொம்பீர். இந்தச் சொற்களை அப்படியே வைத்தால் உங்களுக்குக் கோபம் வராது. வெறும் சத்தம்தான் கேட்கும். ஆகவே இப்படி யோசியுங்கள்: நாகர்கோவில்காரி ஒருத்தி, சேலத்துக்காரி ஒருத்தி, தஞ்சாவூர்க்காரி ஒருத்தி. நடுவில் வேகவைத்த கிழங்கு. மரச்சீனி என்கிறாள் ஒருத்தி, குச்சிக்கிழங்கு என்கிறாள் அடுத்தவள், மரவள்ளி என்கிறாள் மூன்றாமவள். மூவருக்கும் அம்மா ஊட்டிய சொல். எப்படி விட்டுக்கொடுப்பார்கள்?

2.

சண்டை அதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அந்த நேரம் பார்த்து சமையலறைப் பொறுப்பாளர் ஹுதாகோவா மேஜைவிரிப்பு வாங்க வந்திருந்தார். அவரிடம்தான் ஒதார்கா மாதக்கணக்காக ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: சமையலறையில் ஓர் இடம். ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்டவள் அவள். இங்கே யார் யாருடைய வியர்வையையோ துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றார் ஹுதாகோவா. "ஒரு கிழங்குக்கே இந்தக் கத்து கத்துறீங்க. கொதிக்கிற பானைக்குப் பக்கத்துல இப்படி நின்னா, யார் மேல ஊத்தும்?"

(இவரை வில்லியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். மேலுதட்டில் மருகூட வைத்தேன். பிறகு கிழித்தேன். வெந்துபோன கையோடு அழுத ஒருத்தியை அவர் முன்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது எனக்குத் தெரியும். அவருடைய பயம் நியாயமான பயம்.)

"சந்தைத் திருவிழா ஹலுஷ்கி போட்டியில நாங்க மூணு பேரும் ஜெயிச்சுட்டா?" என்றாள் ஒதார்கா.

"எங்க ஊர்ப் பலகாரத்துலயா?" ஹுதாகோவாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஜெயி தாயி. மறுநாளே ஏப்ரன் தரேன்."

ஒதார்காவின் கண்களில் ஏதோ ஒன்று

(வேண்டாம். அவள் கண்ணில் நான் எதையும் பார்க்கவில்லை. ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள், அவ்வளவுதான்.)

3.

ஹலுஷ்கி: பச்சைக் கிழங்கைத் துருவி, மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, ஓட்டைத் தட்டு வழியாகக் கொதிநீரில் தேய்த்து விடவேண்டும். மிதந்து வந்ததும் அள்ளி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் பன்றிக்கொழுப்பும் போட்டுப் புரட்டவேண்டும். மூன்று பேர் சமைத்து, மூன்று பேரும் ஒரே சட்டியில் தின்று முடிக்கவேண்டும். முதலில் காலியாகும் சட்டிக்கு வெற்றி.

சலவைக்கூடத்தின் பின்முற்றத்தில் ஒத்திகை. முதல் நாள் மாவு கட்டியானது. ப்ரோன்யா 'க்ரூலே' கேட்டால் தெசாங்கா, "அப்படி ஒண்ணு எங்க வீட்டுல கிடையாது" என்று வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டாள். ஒதார்கா கரண்டியை வீசியெறிந்தாள்.

"உங்களுக்கு இது விளையாட்டு. நான் செத்தாலும் இந்தச் சோப்பு வாடையிலதான் சாகணுமா?"

அப்போதுதான் பானை பொங்கியது. தெசாங்கா அலறினாள்: "வொதா!"

தண்ணீர். மூவரும் ஒரே நொடியில் பாய்ந்தார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை.

ப்ரோன்யா நின்று யோசித்து, ஒதார்கா பக்கம் திரும்பினாள். "ஏய், உப்புக்கு என்னடி சொல்லுவே?"

"ஸீல்."

"எங்களுக்கு ஸூல். கை?"

"ரூகா."

"ரெங்கா. அட, நீ சளி பிடிச்சவ மாதிரி பேசினா நான்தான்!"

(ஸ்லோவாக்கியர்களுக்கு உப்பு 'ஸொல்'. தமிழில் எழுதும்போது இது 'சொல்' என்று கேட்டு என்னை வேறெங்கோ கூப்பிடுகிறது. போக மாட்டேன்.)

தண்ணீருக்கும் உப்புக்கும் கைக்கும் பெயர் வைத்த காலத்தில் இவர்களின் முன்னோர் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கவேண்டும். கிழங்கு அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தபோது தனித்தனி வீடாகியிருந்தார்கள்.

ஒதார்கா கரண்டியைப் பொறுக்கினாள். "இனிமே பழைய வார்த்தை மட்டும்தான். நேத்து வந்த கிழங்குக்குப் பேரே கிடையாது. சொன்னவ பாத்திரம் கழுவணும்."

4.

திருவிழாவில் பக்கத்து அடுப்பு உள்ளூர் தீயணைப்புப் படை. "என்ன, துணி துவைக்க வந்தீங்களா?" என்றான் ஒருவன்.

"உன் மூஞ்சியைத் துவைக்க" என்றாள் தெசாங்கா. அது மட்டும் தெளிவான ஸ்லோவாக் மொழியில்.

மணி அடித்தது. துருவினார்கள், பிசைந்தார்கள். வொதா. ஸீல். கத்தி கேட்டதும் கத்தி வந்தது. பாதியில் ஓட்டைத் தட்டு அடைத்துக்கொண்டது. நீராவியில் ப்ரோன்யாவின் முகம் தெரியவில்லை, "ரெங்கா!" என்ற குரல் மட்டும். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கைகள் நீண்டன. தட்டு வழிவிட்டது. வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது.

கூட்டத்தில் நின்று, "விடாதீங்கடி!" என்று நான் கத்தினேன். திரும்பிப் பார்த்தவர்களில் யாருக்கும் அந்தத் தமிழ்ச் சொல் தங்கள் சொல் எதன் சாயலாகவும் இல்லை.

சட்டியில் மூன்று கரண்டிகள் மோதின. தீயணைப்புக்காரர்கள் இன்னும் ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தபோது, தெசாங்கா காலிச் சட்டியைத் தலைக்குமேல் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு துளி விழவில்லை.

சந்தையே எழுந்து நின்று கைதட்டியது. ஹுதாகோவாவும்தான். இதை நான் கற்பனை செய்யவில்லை. அவர் கைதட்டும்போது கைப்பை கீழே விழுந்தது, எடுத்துக்கொடுத்தவள் நான்.

5.

ஹுதாகோவா ஒதார்காவைக் கட்டியணைப்பதாக ஒரு முடிவு எழுதினேன். அவர் யாரையும் அணைப்பவர் அல்ல. வாக்கு மாறுவதாக இன்னொன்று எழுதப் பார்த்தேன். அவர் வாக்கு மாறுபவரும் அல்ல.

மறுநாள் காலை, சலவைக்கூடத்துக்கு எதிரே இருக்கும் சமையலறைக் கதவின் கொக்கியில் ஏப்ரன் தொங்கியது. ஒதார்கா அதைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே எல்லாம் புது முகங்கள். அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. இருப்பதிலேயே பெரிய பானையைத் தூக்கி அடுப்பில் வைத்து, பழக்கப்பட்டவளின் குரலில் கூப்பிட்டாள். கதவு மூடிக்கொண்டது. என் கையில் சூடான இஸ்திரிப்பெட்டி, பின்னால் போய் யார் எடுத்துக்கொடுத்தார்கள் என்று பார்க்கமுடியவில்லை.

அவள் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்:

"தண்ணி!"

குழாய்க்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான்.