வெட்டுவது நான், பேசுவது அவள்

பொம்மைகளிடம் குசலம் விசாரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் தங்கை அந்த ரகம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடிய வீடியோ கேமைப் பற்றிச் சொல்கிறேன். பூமிக்கு அடியில் நாற்பது தளம். தளத்துக்குத் தளம் இருட்டு அறைகள், பொறிகள், பூதங்கள். நாம்தான் படைத்தலைவி. நம்மோடு நான்கு கூட்டாளிகள் இறங்குவார்கள்: ஒரு வைத்தியக்காரி, ஒரு வில்லுக்காரன், பூட்டு உடைக்கிற ஒரு திருட்டுப்பெண், கேடயம் தூக்குகிற ஒரு தடியன். இதுவரை நியாயமான விளையாட்டுதான். இதைச் செய்த புண்ணியவான்கள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மேலே ஒரு ஊரைக் கட்டி, அங்கே ஒரு சத்திரத்தை வைத்து, அந்த நான்கு பேரோடும் நாம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். கதையைக் கேட்டு, பிடித்ததை வாங்கிக் கொடுத்தால் அவர்கள் தலைக்கு மேல் ஒரு சிவப்பு இதயம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். நிரம்பாதவன் கீழே நமக்கு உதவ மாட்டான். பூதம் நம்மைப் பிய்த்துப் போடும்போது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். பொழுது விடிந்தால் பூதத்தை வெட்டப் போகிறவனுக்குப் பூங்கொத்து ஒரு கேடு.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆட்டம் ஒன்று, படைத்தலைவி ஒருத்தி, ஆடுகிறவர்கள் இரண்டு பேர். கீழே இறங்கி வெட்டுவது நான். மேலே ஏறியதும் கன்ட்ரோலரை அவள் மடியில் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவேன். சத்திரத்தில் உட்கார்ந்து பேசுவது அவள். நான் ஆடும்போது யாராவது கூட்டாளி வாயைத் திறந்தால் பேச்சைத் தாண்டுகிற பட்டனை அழுத்துவேன். அழுத்தி அழுத்தி அந்த ஒரு பட்டன் மட்டும் வழவழவென்று தேய்ந்துவிட்டது.

வெட்டுவதில் எனக்கிருந்த சுகத்தை மறைக்க மாட்டேன். ஒரு கதவைத் திறந்து, உள்ளே பன்னிரண்டு பேர் நிற்பதைப் பார்த்து, தடியனை முன்னால் தள்ளிவிட்டு, பின்னாலிருந்து ஒவ்வொருவராகச் சாய்ப்பது. அந்தக் கடைசி ஆள் விழும்போது தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருக்கும். தங்கையோ சத்திரத்தில் அந்தத் தடியன் சொல்கிற சொத்தைக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவன் கதையில் சிரிக்க ஒன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் கேட்டதுமில்லை.

வேலையிலும் இதே பங்கீடுதான். பல்செட் செய்கிற கூடம் ஒன்றில் இருவரும் வேலை பார்த்தோம். மெழுகில் பல் அடுக்கி, அச்செடுத்து, ராவி, மெருகு போடுவது நான். பின்கட்டில் இருப்பேன், ஒருத்தர் முகமும் பார்க்க வேண்டாம். முன்னறையில் வருகிறவர்களைப் பார்த்துப் பல்லின் நிறம் பொருத்துவது அவள். நிறம் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை உதட்டோரம் பிடித்தால் எது சேரும் என்று தெரிந்துவிடும். இவள் அரை மணி நேரம் எடுப்பாள். பேரன் என்ன படிக்கிறான், முழங்கால் வலி எப்படி, முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்ததா, சிரித்தால் ஈறு தெரியுமா. எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி எனக்கு அனுப்புவாள். 'இடது முன்பல்லைக் கொஞ்சம் திருப்பி வை' என்று இருக்கும். ஒழுங்கான பல் வரிசையைக் கெடுக்கச் சொல்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்வேன்.

வீட்டிலும் வாய் ஓயாது. சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவாள். "அக்கா, இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு, அவரு எப்படின்னா..."

"சுருக்கமாச் சொல்லு" என்பேன்.

கொஞ்ச நாளாக அவள் ஏதோ சொல்ல வருவதும், நான் இதைச் சொல்வதும், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதுமாக இருந்தது. எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஒருநாள் அவளே சுருக்கமாகச் சொன்னாள்.

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை போறேன்."

பிறந்ததிலிருந்து அவ்வளவு சுருக்கமாக அவள் எதையும் சொன்னதில்லை. எனக்குச் சுரீரென்றது. "போயேன், இங்க யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா" என்று சொன்னேன். திங்கட்கிழமை வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இனிமே நானா வந்து பேச மாட்டேன்க்கா. நீ கூப்பிட்டா பேசறேன்." நான் கதவைத் தாழிட்டேன்.

கூப்பிடவில்லை. மூன்று வாரம். எதற்குக் கூப்பிட வேண்டும், சாப்பிட்டாயா என்று கேட்கவா. அவள் என்ன பச்சைக் குழந்தையா.

முதல் வாரமே ஒரு பல்செட் திரும்பி வந்தது. அவள் சீட்டு இல்லாமல் நானே அடுக்கியது, நான் செய்ததிலேயே அழகான வரிசை. வாங்கிப்போன ரிட்டயரான பஸ் டிரைவர் கையில் பொட்டலத்தோடு பின்கட்டுவரைக்கும் வந்துவிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இது என் வாய் இல்ல. கண்ணாடியில யாரோ சிரிக்கறாங்க" என்றார்.

கிழவருக்கு வாயெல்லாம் ஆணவம் என்று நினைத்துக்கொண்டேன். மறுவாரம் இன்னும் இரண்டு வந்தன. முதலாளி என் மேஜையில் அவற்றை வரிசையாக வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் என்னிடம் பேசப் பிடிக்காது.

சரி, வீட்டில் ஆட்டமாவது இருந்தது. இனி யாருக்கும் கன்ட்ரோலரைக் கொடுக்க வேண்டாம். சத்திரத்துக்குள் கால் வைக்காமல் ஒரே மூச்சாக வெட்டித் தள்ளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பதாவது தளத்துக்கு வந்துவிட்டேன்.

அங்கே பூதம் இல்லை. பெரிய இரும்புக் கதவும் நான்கு சங்கிலிகளும் இருந்தன. நான்கு கூட்டாளிகளும் ஆளுக்கொரு சங்கிலியை இழுத்தால்தான் கதவு திறக்கும். இழுப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்களாம். மூன்று தடவை தப்பாகச் சொன்னால் அந்த ஆள் மேலே போய்விடுவான், திரும்ப வரமாட்டான். இந்த ஒரு இடத்தில் தாண்டுகிற பட்டன் வேலை செய்யவில்லை.

வைத்தியக்காரி கேட்டாள்: என் பையில் எப்போதும் ஒன்றை வைத்திருப்பேனே, அது என்ன?

வைத்தியக்காரி பையில் வேறென்ன இருக்கும். 'மருந்து' என்று எழுதினேன். தப்பு. 'கத்தி' என்று எழுதினேன். தப்பு. நாற்பது தளம் என்னோடு இறங்கினவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

தங்கைக்குப் போன் போட்டேன். கதவுக்காகத்தான் போட்டேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

"சொல்லுக்கா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

"வைத்தியக்காரி பையில என்ன இருக்கு?"

"இதுக்கா கூப்பிட்ட?"

"நாப்பதாவது தளத்துல நிக்கறேன். சொல்லு."

"சாவி. அவ வீடு எரிஞ்சுபோச்சு. சாவி மட்டும் மிச்சம்."

எழுதினேன். வைத்தியக்காரி சங்கிலியைப் பிடித்தாள். அடுத்து வில்லுக்காரன் கேட்டான்: எனக்கு எந்தக் கண் தெரியாது?

"இடது கண்" என்றாள் தங்கை. "அவனை எந்தப் பக்கம் காவலுக்கு நிறுத்தின?"

"இடது பக்கம்."

"நாப்பது தளமுமா?"

அவன் அம்பு ஏன் பாதி சுவரில் போய்க் குத்தியது என்று இப்போது புரிந்தது. குருட்டுப் பயல் என்று திட்டியதும் நினைவுக்கு வந்தது. திருட்டுப்பெண்ணின் ஆசை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதாம். இதையெல்லாம் தலையில் ஏற்றி வைத்திருக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலிலும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. அது அதைவிட எரிச்சல்.

கடைசியில் கேடயக்காரத் தடியன். மலை மாதிரி வந்து நின்று கேட்டான்: ஒரு மழை நாளில் சத்திரத்தில் நீ உன் பயத்தை என்னிடம் சொன்னாய். அது என்ன?

திரையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"அது அவன் கதை இல்லக்கா. அவன் கேட்டதுக்கு நானே எழுதினது."

"சரி. என்ன எழுதின?"

"நீயே சொல்லு. முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம்."

இது ஒரு பெரிய விஷயமா என்று 'பல்லி' என்று எழுதினேன். தப்பு.

"என்ன போட்ட?"

"பல்லி."

சின்னதாகச் சிரித்தாள். "அது உனக்கு."

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். இவள் எதைக் கண்டு பயந்து நான் பார்த்திருக்கிறேன்? இவள் அழுது பார்த்திருக்கிறேனா? முன்னறைக்கு வந்த ஒவ்வொருவர் பல்லும் எப்படி இருந்தது என்று இவளுக்குத் தெரியும். இவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று தேடினால், அதிகம் பேசுவாள் என்பது தவிர ஒன்றும் கையில் சிக்கவில்லை. 'தனியாக இருப்பது' என்று எழுதினேன். தப்பு.

அவளிடம் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"அதுவும் உனக்குத்தான்க்கா."

தடியன் காத்துக்கொண்டு நின்றான். எனக்கு முகம் சுட்டது.

"இன்னும் ஒரு தடவைதான் இருக்கு" என்றேன். "எனக்குத் தெரியல. சொல்லு."

"சொன்னா கோவிச்சுக்குவ."

"மாட்டேன்."

"உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நாலஞ்சு தடவை. நீ சுருக்கமாச் சொல்லச் சொன்ன. அதான் அவன்கிட்ட சொன்னேன்."

"என்னன்னு சொல்லு."

"அக்கா மாதிரி ஆயிடுவேனோன்னு."

வலித்தது. மறைத்துப் பேச எனக்கு வராது, நன்றாகவே வலித்தது. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வைத்தால் அவள் இனிமேல் பேச மாட்டாள் என்பதும் தெரிந்தது. கன்ட்ரோலரில் எழுத்தெழுத்தாகத் தேடிப் பொறுக்கித்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பயணம். என்னைப் பற்றி ஒருத்தி சொன்னதை நானே என் கையால், இத்தனை நிதானமாக, ஒன்றும் தாண்டாமல் எழுதினேன்.

'ஆமாம், அதைத்தான் சொன்னாய்' என்றான் தடியன். 'பயப்படாதே. நான் முன்னால் நிற்கிறேன்.' நாற்பது தளமும் முன்னால் நின்று எனக்காக அடி வாங்கினவன் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். யாரோ எழுதிக் கொடுத்த வசனம்; பொம்மைக்கு என்ன தெரியும். ஆனாலும் அதை முழுதாகப் படித்தேன்.

"தொறந்துச்சா?" என்றாள் தங்கை.

"தொறந்துச்சு."

"உள்ள போ. கடைசிப் பூதம் இருக்கும். உனக்குப் பிடிச்சது."

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. நான் போகவில்லை.

"அங்க ரூமெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும், அதற்காகக் காத்திருந்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"சுருக்கமாவா?"

கன்ட்ரோலரைத் தரையில் வைத்தேன். "இல்ல" என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து ஆரம்பித்தாள்.