கீழ்ப்பீலிக்கு நான் போட்ட சைபர்

எனக்கு என் மேலேயே அப்படியொரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

1932ஆம் வருஷம், இலங்கையில். ரம்புக்கனைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டே சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தேன். வாத்தியார் வேலைக்குப் படிக்க அனுப்ப வேண்டுமானால், யார் துணையும் இல்லாமல் ஒரு விஷயத்தை நானே ஆராய்ந்து எழுதிக் காட்ட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் தேட வேண்டியிருக்கவில்லை. கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் ஓடைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு நேர் மேலே மாட்டுப்பட்டி. மழை பெய்தால் சாணித் தண்ணீர் அப்படியே இறங்கும். மேல் லயத்துக்கு ஊற்றுத் தண்ணீர். அந்த ஊற்றிலிருந்து கீழேயும் குழாய் போடச்சொல்லி எங்கள் ஆட்கள் எத்தனை தடவை கேட்டும் தோட்டத் துரை காதில் ஏறவில்லை. எழுத்தில் காட்டினால் ஏறும் என்று நினைத்தேன்.

வேலையைப் படிப்படியாகப் பிரித்தேன். முதலில் கேள்வி: எந்தத் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளுக்கு அதிகம் வயிற்றால் போகிறது? பிறகு ஒவ்வொரு லயத்திலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பன்னிரண்டு காம்பரா. ஆறு ஞாயிறு வாசல் வாசலாகக் கேட்பது, கட்டம் போட்டு எழுதுவது, கடைசியில் ஒப்பிடுவது. இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட திட்டம். பெருமை பிடிபடவில்லை எனக்கு.

ஆறு ஞாயிறும் போனேன். மேல் லயத்தில் வயிற்றால் போனது ஏழு பிள்ளைகளுக்கு. கீழ் லயத்தில் சைபர். "எங்க புள்ளைங்களுக்கு ஒரு கொறையும் இல்ல தங்கம்மா" என்றாள் மூக்காயி. என் சொந்த அக்கா ஜெயம்மாவும் வாசலை மறைத்து நின்று அதையே சொன்னாள். சந்தேகப்பட்டேனா? கட்டம் நிரம்பினால் போதும் என்று திரும்பிவிட்டேன்.

தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் கந்தையா அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"நல்ல வேலை, பிள்ளை. கீழ்ப்பீலியில பிழையில்லை எண்டு நீயே எழுதியிருக்கிறாய். குழாய் தேவையில்லை எண்டு துரைக்கு இண்டைக்கே எழுதிப்போடுறன்."

அந்தச் சைபர் உண்மையாக இருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது; நேரே அக்கா காம்பராவுக்குப் போனேன். சாக்கின் மேல் அவளுடைய இரண்டு வயசுப் பையன் கண் குழிந்து கிடந்தான். சாக்கில் ரத்தம்.

"போன ஞாயித்துக்கெழம கேட்டேனேக்கா, ஏன் பொய் சொன்ன?"

"நோட்டும் பென்சிலுமா லயத்துக்கு வர்றது யாரு? கணக்கப்புள்ள. அதுல எழுதுனது எங்க போவும்? ஆபீசுக்கு. அப்புறம் மருந்துக்காரர் வந்து புள்ளைய டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்திடுவாரு. கூடப் போனா எனக்கு அன்னிக்குப் பேரு இல்ல, கூலியும் இல்ல."

"நான் ஒன் தங்கச்சிக்கா."

"நோட்டும் தங்கச்சியா?"

அவள் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேல் திரும்பியது. அதே கீழ் லயத்தில் பிறந்தவள் நான். பேர் போடும் கணக்கப்பிள்ளை வரும்போது நோயாளியைப் பாயால் மூடியதைப் பார்த்து வளர்ந்தவள். மேல் லயத்தில் கங்காணியின் சொந்தக்காரர்கள், அவர்களுக்கு ஒளிக்க அவசியமில்லை. இது தெரிந்தும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேனே, எனக்கு என்ன மூளை.

"மருந்துச்சாலைக்கு வாக்கா. நீ வரலேன்னா, நான் போட்ட சைபராலேயே குழாய் வராமப் போயிடும்."

என்னை முறைத்தாள். பிறகு பையனைத் தூக்கினாள்.

கந்தையா மேசையில் கடிதம் பாதி எழுதிக் கிடந்தது. "அனுப்பாதீங்க ஐயா. என் கட்டம் பொய்" என்றேன்.

"அப்ப உன்ர படிப்பு?"

"அது போகட்டும்." நோட்டை மேசையில் வைத்தேன்.

"ஒரு பிள்ளைக்காகக் குழாய் போடேலுமோ?"

அக்கா பையனை அந்தக் கடிதத்தின் மேலேயே கிடத்தினாள். "ஒண்ணு இல்லீங்க. தங்கம்மா, நோட்ட எடு. மூக்காயி வீட்ல ரெண்டு. அடுத்த காம்பராவுல ஒண்ணு." பெயர் பெயராகச் சொன்னாள். பதினொன்று வரை எழுதினேன்.

"ஆடி மாசம் இதே வயித்துப்போக்குல செத்துச்சே என் மூத்த புள்ள, அதையும் எழுது."

எங்கே எழுதுவது? செத்த பிள்ளைகளுக்கென்று நான் கட்டமே போட்டிருக்கவில்லை.