பட்டினி கிடந்த கடிகாரம்

திருவனந்தபுரம் பழவங்காடியில் முப்பத்தொரு வருடமாக நான் விற்பது தண்ணீருக்குள் இறக்குகிற மோட்டார். ஆழ்துளைக் கிணற்றில் முன்னூறு அடிக்கு இறக்கிவிட்டால் அது அங்கேயே கிடந்து தண்ணீரை மேலே தள்ளும். நல்ல சாமான்தான். ஆனால் எந்த மோட்டாரும் ஒருநாள் நிற்கும், நின்றால் வெளியே எடுத்தாக வேண்டும். பத்தில் எட்டு, சங்கிலி போட்டு இழுத்தால் வந்துவிடும். ஒன்று படாத பாடு படுத்திவிட்டு வரும். ஒன்று வரவே வராது. அந்த ஒன்றின் சொந்தக்காரர் கடைக்கு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறக்குவது பெரிய காரியமில்லை, ஏற்றுவதுதான் காரியம் என்று நான் தெரிந்துகொண்டது அவர்களிடமிருந்துதான்.

அப்படிப்பட்ட என்னிடம் என் மகள் பிஜி வந்து, கடலுக்கு அடியில் போகிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள்.

குற்றம் சொல்ல இடமில்லை. பிரபின் பாறசாலைப் பையன், எங்கள் திருச்சபைதான், அவன் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். கோவளத்தில் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கிறான். சுற்றுலா வருகிறவர்களை முதுகில் காற்று சிலிண்டரோடு கீழே கூட்டிப்போய், மீனையும் பாறையையும் காட்டி, மேலே கூட்டி வருவது அவன் வேலை. பிஜியின் ஆபீஸ்காரர்கள் ஒருநாள் அங்கே போயிருக்கிறார்கள். தண்ணீருக்குள் இவள் பயந்தபோது கையைப் பிடித்துக்கொண்டவன் அவன். பிடித்த கையை அப்புறம் இரண்டு பேரும் விடவில்லை, அவ்வளவுதான் கதை.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"அடியில போனா, எப்ப மேல வரணும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பிரபின் கையை நீட்டினான். மணிக்கட்டில் பெரிய கறுப்புக் கடிகாரம். வார் அறுந்த இடத்தைத் தூண்டில் நரம்பால் கட்டியிருந்தான்.

"இது சொல்லும் மாமா. டைவ் கம்ப்யூட்டர். எத்தன மீட்டர்ல நிக்கேன், இன்னும் எத்தன நிமிஷம் நிக்கலாம், எவ்வளவு மெதுவா ஏறணும், எல்லாம் இதுல வரும். கூடுதல் நேரம் நின்னாலோ சட்டுனு ஏறினாலோ ஒடம்புக்குள்ள காத்து குமிழு குமிழா ஆயிரும். அது ஆபத்தாக்கும்."

"இது நின்னுபோனா?"

"ஒருக்க நின்னுச்சு" என்று சிரித்தான். "இருபது மீட்டர்ல வச்சு பேட்டரி தீந்துபோச்சு. கூட நின்னவனுக்க கையில கெடந்த வாட்சப் பாத்து ஏறி வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சுசீலாபாய்கூடச் சிரித்தாள். நான் மட்டும் கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மகளுடைய வாழ்க்கை ஒரு பேட்டரியில் ஓடப் போகிறது என்று தெரிந்த பிறகு எந்த அப்பனுக்குச் சிரிப்பு வரும்?

எங்கள் குடும்பத்தில் நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் கையில் ஒரு கடிகாரம் கட்ட வேண்டும். எனக்குச் சுசீலாவின் அப்பா கட்டியது தங்க முலாம் பூசியது. பிரபினுக்கு அதைவிட ஒரு படி மேலாக வாங்க வேண்டும் என்றார் சுசீலாவின் அண்ணன் ஞானசிகாமணி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பிஜி ஒத்துக்கொள்ளவில்லை.

"தங்க வாட்சக் கட்டிக்கிட்டு கடல்ல குதிக்க முடியுமா? அவருக்கு நல்லதா ஒரு டைவ் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க அப்பா. ஆரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

மாப்பிள்ளைக்கு ரப்பர் வார் போட்ட வாட்சா என்று உறவுக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிஜி அசையவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரு வெளிச்சம். அவனைக் கடலுக்குப் போகாதே என்று சொல்ல என்னால் முடியாது. போனால் ஏறி வர ஒரு சாமான் வாங்கிக்கொடுக்க முடியும். சாமான் வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

கோவளத்தில் ராகேஷ் என்பவரின் டைவிங் சாமான் கடைக்கு மே மாதத்தில் ஐந்து தடவை போனேன். மேஜை மேல் வரிசையாக வைத்துக் காட்டினார். முதல் வகையில் பேட்டரி தீர்ந்தால் பின்மூடியைத் திறந்து மாற்ற வேண்டும். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்குமாம். முப்பத்தொரு வருடம் வாஷர் விற்றவன் நான். தண்ணீரை உள்ளே விடமாட்டேன் என்று சத்தியம் செய்யாத வாஷர் கிடையாது, சத்தியத்தைக் காப்பாற்றின வாஷரும் அதிகம் கிடையாது. அதை ஓரமாகத் தள்ளினேன். அடுத்தது போன் மாதிரி வயர் போட்டுச் சார்ஜ் செய்வது. பிரபினின் போன் பாதி நாள் அணைந்து கிடக்கிறது என்று பிஜி சொல்லி எனக்குத் தெரியும். அதையும் தள்ளினேன்.

அப்புறம் ராகேஷ் உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். கண்ணாடிக்கு அடியில் மெல்லிய கறுப்பு வளையம், அதுதான் வெயிலைக் குடித்து மின்சாரமாக்குமாம். திறக்க மூடி இல்லை, சொருக வயர் இல்லை. படகில் போகிற வழியில் கையில் படுகிற வெயிலே அன்றைக்கு அது ஓடப் போதும் என்றார். தண்ணீர் புக வழியே இல்லாத ஒரு சாமானை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, எண்கள் பெரிதாகத் தெரிகிறதா என்று என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன்.

"அங்கிளே, இது அங்கிளுக்கு தன்னெயாணோ?" என்று மலையாளத்தில் கேட்டார் ராகேஷ், உங்களுக்கேதானா என்று.

"எனிக்கல்ல, மருமகனு" என்றேன். மருமகன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வாங்கி வந்த அன்று வீட்டில் ஒரு பிரசங்கமே செய்தேன். வெயில்தான் இதற்குச் சோறு, வேறொன்றும் வேண்டாம், சூரியன் இருக்கிற வரைக்கும் இது சாகாது என்று சுசீலாவுக்கும் பிஜிக்கும் விளக்கினேன். ஞானசிகாமணிக்குப் போன் போட்டும் விளக்கினேன். நிச்சயம் ஓணம் முடிந்த அடுத்த வாரம் என்று முடிவாகியிருந்தது. மழைக்காலத்தில் கோவளத்தில் டைவிங் கிடையாது, அதனால் அவசரமும் இல்லை. கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் புதுத் துவாலையில் சுற்றி, பீரோவின் உள்ளறையில் பிஜியின் நகைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பாச்சை உருண்டையும் போட்டுப் பூட்டினேன். சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டேன். இடையில் சுசீலா ஒருமுறை, "அந்தச் சாதனத்த ஒருக்க எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டாள். தூசி படும் என்று மறுத்துவிட்டேன்.

நிச்சயத்தன்று பதினொன்றரைக்குக் கடிகாரம் கட்ட வேண்டும். பத்தே முக்காலுக்குப் பீரோவைத் திறந்தேன். துவாலையை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தால் கண்ணாடி கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினேன், எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன், ஒன்றும் அசையவில்லை. மூடியில்லை, வயரில்லை என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அப்போது எனக்கே எதிராக வந்து நின்றது. எங்கே தட்டுவது, எங்கே திறப்பது?

சுசீலா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வெயில்தான் சோறுன்னு சொன்னீங்க. நாலு மாசம் பட்டினி போட்டுட்டீங்களே."

ஞானசிகாமணி பின்னாலேயே வந்தார். "தொடக்கமே இப்பிடியா? அரை மணிக்கூர்ல பழவங்காடிக்குப் போய் நல்ல தங்க வாட்ச் ஒண்ணு வாங்கிரலாம். நான் அன்னைக்கே சொன்னேன் இல்லியா" என்றார்.

"வாங்கினா ஒங்க கையில கெட்டுதேன்" என்றேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் முழுவதும் என் மேல்தான், அவர் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார்.

பிஜி பட்டுப் புடவையில் வந்து நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இத்தனை பேர் கேலி செய்தும் இதுதான் வேண்டும் என்று நின்றவள் அவள். அவள் திட்டியிருந்தால் தேவலை. "அவருட்ட நீங்களே சொல்லீருங்க அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வந்துவிட்டன. பிரபினை வேப்பமரத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவன் கடிகாரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"நாலு மாசம் பீரோவுக்குள்ள கெடந்தா நானும் இங்ஙனதான் இருப்பேன் மாமா" என்றான். "இப்ப கையில கெட்டுங்க. பொறவு வெயில்ல காட்டலாம்."

போதகர் ஜெபம் செய்தார். அறுபது பேர் பார்க்க, செத்த கடிகாரத்தை மாப்பிள்ளையின் கையில் கட்டினேன். வாரைக் கொக்கியில் மாட்ட எனக்கு மூன்று தடவை ஆயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள், பிரபின் அது ஓடுகிற மாதிரியே ஒருமுறை மணி பார்த்துக்கொண்டான். அந்த நிமிஷம் அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பிரியாணிப் பந்தி தொடங்கியதும் அவன் கோட்டைக் கழற்றிவிட்டு முற்றத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, கையை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மழை விட்ட சிங்க மாதத்து, நம் ஆவணி மாதத்து, வெயில் சுள்ளென்று அடித்தது. நான் செய்த பிழைக்கு அவன் மட்டும் காய்வது நியாயமில்லை என்று நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். பந்தலுக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் போகவில்லை.

எப்படி வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"பிரபினே, எனக்குப் பேடியாக்கும். நீ அடியில போறத நெனச்சாலே பயம். நான் தண்ணிக்குள்ள எறக்கின எல்லாம் ஏறி வந்தது இல்ல."

அவன் சிரிக்கவில்லை. "பிஜிக்கும் பேடின்னு சொன்னா மாமா" என்றான். "பேடி எனக்கும் உண்டு."

கடலுக்குப் போகிறவனுக்கே பயம் உண்டு என்று கேட்டபோது எனக்குப் பாதிப் பாரம் இறங்கிற்று. மீதிப் பாதி அப்படியேதான் இருந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். கண்ணாடிக்குள் ஓர் எண் மினுக்கென்று வந்து மறைந்தது. மறுபடி வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் தலை முட்டக் குனிந்தோம். அடியோடு தீர்ந்து உயிர் வந்ததால் கடிகாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. என்ன தேதி, என்ன மணி, ஆழம் மீட்டரிலா அடியிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, பிரபின் பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்தான். பிறகு ஓர் இடத்தில் விரல் நின்றது. திரையில் பெரிதாக ஒரு பூஜ்யம் இருந்தது.

"இது என்னவாக்கும்?" என்றேன்.

"எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்னு கேக்குது மாமா. சைபர், ஒண்ணு, ரெண்டு. சைபர்னா கூடுதல் நேரம் அடியில நிக்க விடும். ரெண்டுன்னா பத்துப் பதினஞ்சு நிமிஷம் முன்னாலயே ஏறுன்னு சொல்லும்."

"மத்தவங்க என்ன வைப்பாவ?"

"எங்க கூட்டத்துல எல்லாரும் சைபர். என் பழசும் சைபர்லதான் கெடந்துது. ரெண்டு வச்சா மத்த குரூப் அடியில நிக்கும்போ நான் என் ஆளுவளோட ஏறி வரணும்."

இரண்டு என்கிற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மோட்டார் வாங்க வந்தவன் எத்தனை அடிக்கு இறக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தால் நான் அவனுக்கு வாசலைக் காட்டுகிற ஆள். அடுத்தவன் தொழிலில் எப்படிக் கை வைப்பேன்? மகளைக் கொடுத்துவிட்டேன் என்பதற்காக அவனுடைய கடலையும் கேட்க முடியுமா?

"ஒனக்க தொழிலு. நீ பாத்து வையி" என்றேன். முன்னூறு அடியிலிருந்து மோட்டாரை ஏற்றுவதைவிட அந்த வார்த்தையை வெளியே எடுப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேறு பக்கம் பார்க்கலாம் என்று நினைத்தேன். பார்க்க முடியவில்லை, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரபின் ஒருமுறை அமுக்கினான், ஒன்று வந்தது. இன்னொருமுறை அமுக்கினான். இரண்டு வந்ததும் கடைசிப் பொத்தானை அழுத்திப் பிடித்து அதை நிலைக்க வைத்தான்.

"பைசா குடுத்து வாறவங்க இல்லியா? சீக்கிரம் ஏத்தீட்டேன்னு முறுமுறுக்க மாட்டாவளா?" என்று கேட்டேன்.

"முறுமுறுப்பாவ" என்றான். "மேல ஏறி வந்த பொறவுதானே மாமா முறுமுறுப்பாவ."

நான் எழுந்துகொண்டேன். கண் நிறைந்திருந்தது, துடைத்துக்கொள்ள வெட்கமாக இல்லை. பந்தலுக்குள் போய் சுசீலாவிடம், எனக்கும் என் மருமகனுக்கும் இரண்டு தட்டு பிரியாணி முற்றத்துக்கு அனுப்பு என்றேன்.