அக்கா உட்கார்ந்த பக்கம்

அக்கா பாடம் நடத்தும் பள்ளியில் ஆய்வுக்கூடம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. நாங்கள் படித்த பள்ளியிலும் அப்படித்தான். சின்ன வயதிலேயே அக்காவுக்கு இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. வகுப்பு மொத்தமும் மேலே போகும், அவள் கீழே பைகளுக்குக் காவல் இருப்பாள். அதே காவலை இப்போது அவளுடைய வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவி பார்க்கிறாள். பேச்சை வைத்துப் பிள்ளைகள் அவளுக்கு வாயாடி என்று பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

“அந்தக் கூடத்தையே கீழ உருட்டிட்டு வர்ற மாதிரி ஒரு வண்டி செஞ்சு குடுடா” என்று அக்கா என் பட்டறைக்கு வந்து கேட்டாள்.

செய்தேன். சுமை வண்டிகளுக்கு இரும்பு பற்றவைத்தே பிழைக்கிறவன் நான். மேலே மேசைப் பலகை, அடியில் நடுவாக ஓர் இழுப்பறைப் பெட்டி, அதற்குள் பேட்டரி, மோட்டார், கப்பி, எடைக்கல். “யானை மோதினாலும் சாயாது” என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் வண்டி பள்ளிக்குப் போக வேண்டும். அதற்கு முன் பார்த்துவிடலாம் என்று அக்கா வாயாடியைப் பட்டறைக்கு அழைத்து வந்தாள். நாற்காலியை நேரே உருட்டினாள் வாயாடி. முழங்கால் பெட்டியில் இடித்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், கை எட்டவில்லை.

“அங்கிள், அந்தக் கப்பியை எடுத்துக் குடுங்க. அந்த ஒயரும். பேசாம நீங்களே செஞ்சிருங்க, நான் கை தட்டுறேன்.”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“அதைக் குடு, இதைக் குடுன்னு கேட்டே என் படிப்பு முடிஞ்சுது. இவளும் கேட்கணுமா? பெட்டியை ஓரத்துக்கு மாத்து.”

முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை அறுத்து வலது ஓரத்தில் பற்றவைத்தேன். இரும்பு ஆறியதும் நாற்காலி மேசைக்கடியில் வழுக்கிக்கொண்டு போனது. வாயாடி இழுப்பறையை வலப்பக்கமாக வெளியே முழுசாக இழுத்தாள். இடது பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. பாய்ந்து பிடித்தேன்.

“யானை வரவே இல்லையே அங்கிள்!”

எனக்குச் சுருக்கென்றது. “புள்ளைங்க மேல சாஞ்சா யாரு பதில் சொல்றது? பெட்டி நடுவுலதான் இருக்கணும்க்கா. இவளுக்கு வேற யாராவது எடுத்துக் குடுக்கட்டும்.”

அக்கா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அம்மா என்னை எங்கடா உட்கார வைப்பாங்க?”

அம்மா செங்கல் வண்டி தள்ளியவள். இரண்டே சக்கரம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அக்காவும் அந்த வண்டியில்தான் வருவாள், நான் கூடவே நடப்பேன். இறக்க வசதியாகக் கல்லை அச்சுக்கு முன்னால் அடுக்கி, அக்காவைப் பின்னால் கைப்பிடி ஓரமாக உட்கார வைப்பாள் அம்மா. அக்கா இருந்தால்தான் வண்டி மட்டமாக நிற்கும். ஒருநாள் மேஸ்திரி ஒருவர், “பாவம் புள்ள, வெயில்ல காயுது” என்று அக்காவைத் தூக்கினார். “ஐயோ, தொடாதீங்க!” என்று அம்மா அலறி முடிப்பதற்குள் கல் மொத்தமும் சரிந்து கொட்டியது. அக்கா அவர் இடுப்பில் இருந்தபடியே, “நான் சும்மாவா உட்கார்ந்திருக்கேன்?” என்றாள். வேலை செய்யும் இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முகமெல்லாம் செங்கல் தூசி, பல் மட்டும் வெள்ளை.

நான் தகடு வெட்டி, வண்டியின் இடது ஓரத்தில் ஒரு தொட்டி வைத்தேன். மணல் வாளியைத் தூக்கிச் சாய்க்கப் போனபோது அக்கா தடுத்தாள்.

“அவகிட்ட வை. எவ்வளவு போட்டா நிக்கும்னு அவ பாக்கட்டும். நாளைக்கு வகுப்புல இதுதான் முதல் சோதனை.”

வாயாடி ஒரு குவளை கொட்டினாள், இழுப்பறையை இழுத்தாள். சக்கரம் தூக்கியது. மூடிவிட்டு இன்னொரு குவளை. இந்த முறை லேசாகத்தான் எழும்பியது. என் கை தானாக மேசை விளிம்புக்குப் போனது.

“தொடாதீங்க அங்கிள்! நீங்க பிடிச்சா எனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா என்னைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். வாயாடி அடுத்த குவளையை அள்ளினாள்.