இரண்டு வெள்ளை அரளி

செக்போஸ்ட்டில் பஸ் நின்றதும் மருதாத்தாள் இடது கையை மாரோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள். சோதனைக்கு ஏறிய பெண்ணின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. எழுபத்துநாலாம் வருஷம் அது. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கேரளத்துக்குள் அரிசி கொண்டுவரக் கூடாதென்று கெடுபிடி. நீளப் பை தைத்து, அரிசியை நிரப்பி, சேலைக்குள் உடம்போடு கட்டிக்கொண்டு வரும் பெண்கள் நிறையப் பேர்.

"அவிடெ எந்தா ஒளிச்சு வெச்சிரிக்குன்னது?" என்று அந்தப் பெண் குனிந்தாள்.

"அரிசி இல்லீங்க, அறுத்த புண்ணுங்க" என்றாள் மருதாத்தாள். "வேணும்னா அவுத்துப் பாத்துக்குங்க. ஆனா திருப்பிக் கட்டித் தந்துட்டுத்தான் போகோணும்."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். மருந்து நெடி மூக்கில் பட்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலோச்சனா தலையை நிமிர்த்தவே இல்லை. நாலு பேர் முன்னால் அம்மா வாயைத் திறந்தாலே அவளுக்குக் காது சூடாகும். பாலக்காட்டில் மூன்று வருஷம் விலங்கியல் படித்தாள். வகுப்பில் பதில் தெரிந்தும் ஒருநாளும் கை தூக்கியதில்லை. ஆனால் அன்று காலை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அவள்தான் பேசினாள். அம்மாவின் இடது மாரில் கட்டி இருப்பது எப்போது தெரிந்தது, வலி உண்டா, கை வீங்கியதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது வந்ததா, எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொன்னாள். கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிப் புட்டியில் போட்டார்கள். அதிலிருந்து எழுந்த வாடை அவளுக்குப் பழக்கமானது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தவளைகள் ஊறிக் கிடந்த ஃபார்மலின் வாடை.

"வியாழக்கிழமை வாங்க, முடிவு வந்துடும்" என்ற டாக்டரம்மா, அம்மா வெளியே போனபிறகு அவளை மட்டும் நிறுத்தி, "கெட்ட கட்டியா இருந்தா உடனே எடுத்தாகணும். ஊருக்குப் போனதும் மனசு மாறிடப் போறாங்க. பாத்துக்கோ" என்றார்.

மனசு மாற என்ன இருக்கிறது? அம்மாவின் மனசு முதலிலேயே அந்தப் பக்கம்தான் நின்றது. மருதாத்தாளின் அக்கா வள்ளியாத்தாளுக்கும் இப்படித்தான் ஒரு கட்டி. முற்றிப்போன பிறகு கொண்டுபோய் அறுத்தார்கள். அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை. கட்டியோடு இருந்தவரைக்கும் களை எடுத்தாள், சோறாக்கினாள். கத்தி பட்டதும் போய்விட்டாள் என்பதுதான் மருதாத்தாளின் கணக்கு. "துணுக்கு எடுத்துக்கட்டும். அதுக்கு மேல என்ற ஒடம்புல கத்தி படக்கூடாது" என்று சொல்லித்தான் இந்த முறையே பஸ் ஏறினாள்.

வீட்டில் அப்பா அர்த்தநாரி கட்டுத்தரையில் நின்றிருந்தார். மாடுகளுக்குச் சோளத்தட்டுப் போட்டாகிவிட்டது. இருந்தாலும் போட்டதையே கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"வியாழக்கெழம வரச் சொல்லியிருக்குதுங்க" என்றாள் மருதாத்தாள். "அதுக்குள்ள நீங்க இந்த மாட்டத் தின்னவே வெச்சுக் கொன்னுப்போடாதீங்க."

அவர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து கிணற்றில் தண்ணீர் இறைப்பது அவர் வேலையாயிற்று. யாரும் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் குடங்கள் நிறைந்திருக்கும்.

மற்ற வேலைகள் சுலோச்சனாவுக்கு. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி கட்டளை போடுவாள். புளி அதிகம், விறகு ஈரம், கறிவேப்பிலையை இப்படியா உருவுவாங்க. சுலோச்சனா எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்பாள். அவள் மனசு வேறெங்கோ இருக்கும். அந்தத் துணுக்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கும்? சாராயத்தில் ஊறவைத்து அதிலிருந்த நீரை எடுத்திருப்பார்கள். மெழுகில் பதித்திருப்பார்கள். இழை இழையாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, பார்க்க அழகாகவே இருக்கும். அவளும் எலியின் ஈரலை அப்படிச் செய்து, பார்த்துப் பார்த்துப் படம் வரைந்திருக்கிறாள். எலிக்கு ஒரு அம்மா இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றினாள். கட்டு நனையாதபடி துண்டைச் சுற்றி, முக்காலியில் உட்காரவைத்து, அரப்பைக் கரைத்துத் தேய்த்தாள். அம்மாவின் மண்டை இத்தனை சிறியதா என்று இருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். இருபத்தோரு வருஷத்தில் இன்றுதான் அதைப் பார்க்கிறாள்.

"அழுத்தித் தேய்யி. பூனையத் தடவற மாதிரி தடவறியே."

"வலிக்கும்னு பாத்தேன்."

"கட்டு மாருல. தலையில மூளைதான் இல்ல, வேறெதுவும் ஆகுல." சற்று நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு மருதாத்தாள் சொன்னாள்: "செவ்வாக்கெழம மாகாளிகிட்டப் பூக் கேக்கோணும். பண்டாரத்துகிட்டச் சொல்லியுட்டுட்டேன்."

சுலோச்சனாவின் கை நின்றது.

பூக் கேட்பதென்றால் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, நோயோ, முடிவெடுக்க முடியாத எதுவானாலும் மாகாளியம்மனிடம் போவார்கள். ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து நாரால் கட்டவேண்டும். எதில் எது என்று வெளியே தெரியக்கூடாது. கேட்பவர் மனசுக்குள் கேட்டுக்கொள்ள, பண்டாரம் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. அதற்குமேல் பேச்சில்லை. வெட்டத் தொடங்கிய கிணற்றையே மூடியவர்கள் உண்டு.

"என்னம்மா கேக்கப் போறே?"

"கேக்கறத வெளிய சொல்லக்கூடாது."

சொல்லாவிட்டால் தெரியாதா? இது ஒன்றுமில்லாத கட்டிதானா என்று கேட்பாள். வேறென்ன கேட்பாள்? சிவப்பு வந்தால் அப்புறம் வியாழக்கிழமை என்று ஒன்று கிடையாது. அக்காவைப்போல ஆகப்போகிறது, கத்தி படாமலாவது ஆகட்டும் என்று கட்டிலில் படுத்துக்கொள்வாள். பாதிக்குப் பாதி. காசு சுண்டுவது போலத்தான். அதை நம்பி அம்மாவை எப்படி விடுவது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயிலில் இவர்கள் மூன்று பேரும் பண்டாரம் ராக்கப்பனும் மட்டும். பொட்டலம் கட்டுவது கல்யாணமாகாத பெண்ணின் வேலை. ராக்கப்பன் இரண்டு பூவையும் இலைகளையும் நாரையும் சுலோச்சனாவிடம் தந்து, "கோயலுக்குப் பொறத்தால போயிக் கட்டிட்டு வா அம்முணி. நான்கூடப் பாக்கமாட்டேன்" என்றார்.

கோயிலின் பின்சுவருக்குப் பக்கத்திலேயே அரளிச் செடிகள் நின்றன. வெள்ளையும் சிவப்பும் கலந்து பூத்திருந்தன. அவள் ஒரு பொட்டலத்தைக் கட்டி முடித்தாள். வெள்ளை. அடுத்த இலையை விரித்துச் சிவப்புப் பூவை வைத்தாள். மடிக்கக் கை வரவில்லை. பூவை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். செடியிலிருந்து ஒரு வெள்ளையைப் பறித்து வைத்துக் கட்டினாள். இழுத்துக் கட்டியதில் நார் ஒருமுறை அறுந்தது.

அம்மன் மடியில் இரண்டு பொட்டலமும் கிடந்தன. மருதாத்தாள் கண்ணை மூடி நின்றாள். வலது கை மட்டும் குவிந்திருந்தது. இடது கை மாரைவிட்டு வரவில்லை. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ராக்கப்பன் ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மா கையில் வைத்தார்.

வெள்ளை.

"உத்தரவு குடுத்துட்டா ஆத்தா" என்றார் ராக்கப்பன். அப்பா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மாவின் முகத்தில் பெரிய மாறுதல் இல்லை. பூவைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவ்வளவுதான்.

அப்போதுதான் சுலோச்சனாவுக்கு உறைத்தது. அவள் அழித்தது சிவப்பை மட்டுமில்லை. ஏதாவது ஒரு பதில் வந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. நம்பிக்கை இல்லை என்றுதானே மாற்றினாள்? பிறகு ஏன் அந்த இடம் இப்படி வெறிச்சென்று இருக்கிறது? அதைவிட இன்னொன்று. ஒன்றுமில்லை என்று மாகாளி சொல்லிவிட்டதாக அம்மா நம்பிக்கொண்டிருப்பாள். நாளை மறுநாள் டாக்டரம்மா வேறு விதமாகச் சொன்னால்? கெட்ட கட்டி என்று சொல்லும்போதே மாகாளியும் பொய்யென்று ஆகிவிடுவாள். அப்புறம் அம்மா எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

புதன்கிழமை முழுக்கச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அம்மா பஸ் ஏறாமல் போகலாம். சொல்லாவிட்டால் பொய்யோடு ஏறுவாள். சாயங்காலம் அப்பா வந்து, "அந்தப் பூவு வந்ததுலிருந்து ஒங்கம்மா நல்லாத் தூங்கறா" என்றார். சுலோச்சனா உலைக்கு அரிசி களையப் போனாள்.

வியாழக்கிழமை மூவரும் போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீண்ட பெஞ்சு. பெயர் கூப்பிடும்வரை உட்காரச் சொன்னார்கள். அப்பாவுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார், நடந்தார், சுவரில் எழுதியிருந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏனுங்க, போயி ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க" என்று மருதாத்தாள் தூக்குப்போசியைக் கொடுத்து அனுப்பினாள். அவர் தலை மறைந்ததும் சுலோச்சனா சொல்லிவிட்டாள். சொல்லவேண்டும் என்று நினைத்துக்கூடச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது.

"அம்மா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சேன்."

மருதாத்தாள் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாகாளி ஒண்ணும் சொல்லுலம்மா. நாந்தான். ஒனக்கு ஒண்ணுமில்லைன்னு அவ சொன்னதா நீ நெனச்சுட்டு உள்ள போகக்கூடாது."

"தெரியும்."

சுலோச்சனா திரும்பினாள்.

"அன்னிக்கே தெரியும். சீப்புத் தேடறப்ப உன்ற பையில அந்தச் செவப்பு அரளி வாடிக் கெடந்துச்சு. ஒளிக்கறவ ஒழுங்கா ஒளிக்கவேண்டாமா? நாந்தான் எடுத்து வாய்க்கால்ல போட்டேன்." மருதாத்தாளின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துச் சுலோச்சனா கையைப் பிடித்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "ஊட்டுக்கு ஒரம்பரை சனம் வந்தா உள்ளாற போயி ஒளிஞ்சுக்கறவ. கடக்காரங்கிட்ட மீதிச் சில்லறை கேக்க வாய் வராது. நீ போயி மாகாளியவே ஏமாத்தியிருக்கறயே! நெனச்சு நெனச்சு எனக்குச் சிரிப்பு. சிரிச்சாப் புண்ணு இழுக்குது. அதுக்கும் நீதான் காரணம்."

"அப்பறம் ஏம்மா வந்தே?"

மருதாத்தாள் சிரிப்பை நிறுத்த நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நீ என்ன நெனச்சே? கட்டி நல்லதா கெட்டதான்னு கேட்டேன்னா? அது இனி மாகாளி சொல்லி மாறவா போகுது? இருக்கறது இருக்குது. கத்தி வெக்கலாமா வேண்டாமான்னுதான் கேட்டேன். அக்காளுக்குக் கேக்காமப் போனோம். இதுக்காச்சும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகோணும்னு இருந்துச்சு."

"ஆனா பதிலு வரலையே."

"வந்துச்சே." மகளின் விரல்களைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "பைக்குள்ள அந்தப் பூவப் பாத்தப்ப ஆங்காரமாத்தான் வந்துச்சு. எந்திரிச்சு உன்ன நாலு போடு போடலாம்னு வந்தேன். நீ தூங்கிட்டிருந்தே. சேலைத் தலப்புல நாரு ஒட்டிட்டிருந்துச்சு. இந்தப் புள்ள எத்தன பயந்திருந்தா இதச் செஞ்சிருக்கும்னு தோணுச்சு. போம்மா, போயி உசிரோட வாம்மான்னு ஒருத்தி சொல்லியாச்சு. அதச் சொன்னது மாகாளியா நீயான்னு நான் எதுக்குப் பிரிச்சுப் பாக்கோணும்?"

சுலோச்சனா பெஞ்சில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அம்மாவின் தோளில் முகத்தை வைத்தாள். வலது தோள்தான். இடது பக்கம் வலிக்கும் என்று அப்போதும் நினைவிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"மருதாத்தாள்!" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கெட்ட கட்டிதாம்மா. ஆனா இன்னும் பரவாத மாதிரிதான் தெரியுது. உங்க அக்கா வந்த மாதிரி முத்திப்போய் வரலை நீங்க. மாரை எடுத்துடணும். எடுத்த பிறகும் கொஞ்ச நாள் வைத்தியம் இருக்கு."

நாற்காலியின் கைப்பிடியைச் சுலோச்சனா பற்றிக்கொண்டாள். தெரிந்ததுதான், எண்ணிப் பார்த்ததுதான். அம்மா அவளைப் பார்க்காமல் டாக்டரம்மாவையே பார்த்தாள்.

"எடுத்துருங்க" என்றாள். பிறகு, "அப்பறம் இந்தக் கை தூக்க வருமுங்களா? தலை சீவோணுமே."

"வரும். பயிற்சி செய்யணும். கொஞ்ச நாள் ஆகும்."

"ஆனா ஆகட்டுங்க. அதுவரைக்கும் ஆளு இருக்குது. என்ன, அழுத்தித் தேய்க்கத் தெரியாது."

வெளியே அப்பா தூக்குப்போசியோடு நின்றிருந்தார். கூட்டத்தில் யாரோ இடித்து வேட்டியெல்லாம் காப்பி. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திங்கக்கெழம வந்து படுக்கச் சொல்லியிருக்குதுங்க" என்றாள் மருதாத்தாள். "அறுத்து எடுத்தாச் செரியாப் போயிருமாம். நான் சரின்னுட்டேன். மொகத்த அப்படி வெக்காதீங்க, மாடு பயந்துக்கும்." பிறகு எட்டி, இரண்டு கையாலும் தூக்குப்போசியை வாங்கினாள். இடது கை மாரைவிட்டு வந்திருந்தது. அதைச் சுலோச்சனா மட்டும் பார்த்தாள்.

காப்பி பாதிதான் மிச்சம் இருந்தது. மூடியில் ஊற்றி முதலில் அப்பாவுக்குக் கொடுத்தார்கள்.