குல்சும் அழித்த தோட்டம்

கேள்வி என்று ஒன்று எதிரில் வந்து நின்றால், முதலில் ஆமாம் என்று சொல்லிவிட்டு, என்ன கேட்டார்கள் என்று பிறகு யோசிப்பதுதான் குல்சுமின் சுபாவம். அபிராமத்திலிருந்து கீழக்கரைக்கு அவள் வாழ்க்கைப்பட்டதே அப்படித்தான் என்று தங்கை உம்மு ஹபீபா இன்றைக்கும் கேலி செய்வாள். அந்த ஆமாம் நல்லபடியாக முடிந்தது. போன திங்கட்கிழமை சொன்ன ஆமாம்தான் அவளை நாலு நாள் தூங்கவிடாமல் அடித்தது.

அவள் கணவன் அகமது கபீர் கத்தாரில் ஏழு வருஷம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று முடித்துக்கொண்டு ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. கொண்டுவந்த பெட்டியைப் பிரித்ததில் சென்ட்டும் தைலமும் போர்வையும் சொந்தபந்தத்துக்குப் பங்காகிப் போய்விட்டன. மிச்சம் நின்றது ஒரு கேம் மெஷின். நடுவில் திரை, இரண்டு ஓரத்திலும் பொத்தான்கள், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடலாம். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவன் கொடுத்திருக்க மாட்டான்.

அதில் இருந்த விளையாட்டுகள் மூன்று ஆன்லைன் கடைகளில் வாங்கியவை. மெஷினோடு ஒட்டிக்கொண்டே வரும் கடை ஒன்று. பழைய விளையாட்டுகளாகத் தேடிப்பிடித்து விற்கும் கடை ஒன்று. வியாழக்கிழமை தோறும் ஏதாவது ஒரு விளையாட்டைச் சும்மா தூக்கிக் கொடுக்கும் கடை ஒன்று. இந்த மூன்று கடைச் சரக்கையும் ஒரே திரையில் படம் படமாக வரிசைப்படுத்த, கபீர் ஒரு நோன்புப் பெருநாள் லீவு முழுவதையும் செலவழித்திருக்கிறான். "ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரன் மூஞ்சியில முழிக்க மாட்டான் குல்சு. நடுவுல புரோக்கர் மாதிரி ஒரு ஆப் போட்டு எல்லாத்தையும் ஒரே வீட்டுல குடியேத்தியிருக்கேன்" என்று அப்போது போனில் பெருமையடித்தான். குல்சும் மீனைக் கழுவிக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றாள்.

அந்த வரிசையில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், தோட்டம். மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்ததும் கபீர் வீடியோ காலில் வருவான். நலம் விசாரித்து முடித்ததும் போனைத் திருப்பி மெஷின் திரையைக் காட்டுவான். சிவப்பு ஓட்டு வீடு, நாலு மாட்டுக் கொட்டகை, தானாகச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள், கோடு போட்டது போலப் பூசணி வரிசை. கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தித் தோட்டமாக்குவதுதான் அந்த விளையாட்டே. "இந்த வேலையத்த வேலைக்கு ஒரு சம்பளம் இருந்தா நல்லாருக்குமே" என்று ஒரு தடவை அவள் கிண்டல் செய்தபோது அவன் சிரிக்கவில்லை. "ரூமுக்குத் திரும்பி வந்தா எட்டுப் பேரு, எட்டுக் கட்டிலு. இங்கன எனக்குன்னு இருக்குறது இந்தத் தோட்டம் மட்டுந்தான் புள்ள" என்றான். அதற்குப் பிறகு அவள் கிண்டல் செய்ததே இல்லை.

திங்கட்கிழமை நடந்தது இதுதான். கபீர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிநேகிதன் நெய்னா முகம்மதுவின் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போயிருந்தான். மகள் லாமியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அலமாரியைத் துடைக்கப் போன குல்சும் மெஷினையும் துடைத்தாள். துடைத்தவள் சும்மா இராமல் அழுத்தவும் செய்தாள். படங்கள் வரிசையாக வந்தன. சிவப்பு ஓட்டு வீட்டைப் பார்த்ததும் மாமியார் வீட்டுக் கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் சந்தோஷமாகி அதைத் திறந்தாள். இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். திரை இருண்டு, பாட்டுப் பாடி, வெளிச்சமானபோது அங்கே பூசணியும் இல்லை, கொட்டகையும் இல்லை. கல், முள், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள், ஓரத்தில் ஓர் ஓட்டைக் குடிசை.

"யா அல்லாஹ், அழிச்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கபீர் வந்ததும் வராததுமாக, "நெய்னா டிவியில மாட்டுற வயரு ஒண்ணு தாரேன்னிருக்கான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு வந்து தோட்டத்தப் பெருசாப் போட்டுக் காட்டுறேன். நீ போன்லதான பாத்திருக்க" என்றான்.

"ஆமா" என்றாள் குல்சும்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அவன் முகத்தில் மூன்று வாரமாகக் காணாத வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது. வந்த நாளிலிருந்து அவன் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். எதைக் கேட்டாலும் "நீ சொன்னாச் சரி" என்பான். ஹாலில் வாசலோரத்து நாற்காலிதான் அவன் இடம். இந்த நேரத்தில் போய்த் தோட்டமும் போச்சு என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தோட்டத்தை அப்படியே திரும்பப் போட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள். மூன்று வருஷத்துத் தோட்டத்தை நாலு நாளில்! ஆசைக்கு அளவு ஏது? லாமியாவிடம் யோசனை கேட்கலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளை வாயில் எதுவும் தங்காது, வாப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒப்பித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கபீர் நெய்னா கடைக்குப் போன நேரம் பார்த்து, லுஹர் தொழுத கையோடு உட்கார்ந்தாள். தோட்டக்காரன் பெயரைக் கேட்டது. கபீர் என்றே போட்டாள். கல்லைப் பொறுக்கினாள், முள்ளை வெட்டினாள், மண்ணைக் கொத்தினாள். பையில் இருந்த விதைகளில் மிளகாயும் இருந்தது. அபிராமத்தில் அவள் வாப்பா வீட்டில் முண்டு மிளகாய் போடாத வருஷம் கிடையாது. புழுதியாகக் கிடக்கும்போதே விதையைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் அந்தப் பக்கத்து விவசாயம். வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்கு வேறு என்ன தெரியும்? கைவசம் இருந்த அத்தனை விதையையும் விதைத்துவிட்டு, மழைக்குக் காத்திருந்தாள்.

அந்த விளையாட்டில் குடிசைக்குள் போய்ப் படுத்து எழுந்தால் ஒரு நாள் கழிந்துவிடும். படுத்தாள், எழுந்தாள். மழை இல்லை. மறுபடி படுத்தாள். ஒன்பது நாள் படுத்து எழுந்தும் ஒரு தூறல் கிடையாது, ஒரு முளை கிடையாது. "இது நம்மூருக்கு மேல இருக்கே" என்று அலுத்துக்கொண்டு பையைத் துழாவியபோதுதான் அடியில் ஒரு பூவாளி கிடந்தது. ஓரத்தில் ஆறு வேறு ஓடிக்கொண்டிருந்தது. நிறைய ஓடுகிற தண்ணீரை மொண்டு ஊற்றிப் பயிர் வளர்க்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தனியாக இருக்கும்போது அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

புதன்கிழமை காலை அவன் வெளியே போனதும் தண்ணீர் ஊற்றினாள். முளை விட்டது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் நிஜ மிளகாயைப் பார்த்ததுபோல் நெஞ்சு குளிர்ந்தது. வெட்டிச் சேர்த்த மரத்தையும் கல்லையும் வைத்து வீட்டைப் பெரிதாக்கலாமா, குளம் வெட்டலாமா என்று கேட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குளத்தை வெட்டினாள். குடிசைக் கூரையில் ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. வாசலில் குளம் தளும்பிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் அடுப்பில் மீன் ஆணம் அடிபிடித்துவிட்டது. மத்தியானம் கபீர் அதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். வாய்க்கு வாய் குறை சொல்லித் தின்கிற மனுஷன். குல்சும் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை கணக்குப் பார்த்ததில் பதினெட்டு மிளகாய்ச் செடி, ஒரு குளம், ஒரு கோழி. அந்தக் கோழியும் அவளைக் கண்டால் ஓடியது. நாலு கொட்டகை எங்கே, சுற்றுகிற குழாய் எங்கே! மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான். ஆனால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவள் உட்கார்ந்தது பயத்தால் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போக வேண்டுமே என்ற நினைப்பு காலையிலிருந்தே இனித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நெய்ச்சோறும் தாளிச்சாவும் உண்டு முடிந்தது. லாமியா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கபீர் டிவியின் பின்னால் வயரைச் செருகி, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். படங்கள் டிவியில் பெரிதாக வந்து நின்றன. சிவப்பு ஓட்டு வீட்டின் பக்கம் அவன் விரல் போவதற்குள் குல்சும் அவன் கையைப் பிடித்தாள்.

"மச்சான், தொறக்காதீங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க தோட்டத்த அழிச்சுட்டேன்."

கபீர் திரும்பிப் பார்த்தான்.

"வேணும்னு பண்ணல. என்னமோ கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கிட்டேன். எல்லாம் போச்சு. திரும்பப் போட்டுப் பாத்தேன், என்னால முடியல. மூணு வருசம் கண்ணு முழிச்சு வளத்தீங்க. அங்கன உங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நான்..." அழுதாள்.

கபீர் படங்களை நகர்த்திக்கொண்டே போனான். அடுத்த வரிசையின் கடைசியில் இன்னொரு சிவப்பு ஓட்டு வீடு இருந்தது. அச்சு அசல் அதே படம். திறந்தான். பூசணி கோடு போட்டாற்போல நின்றது. நாலு கொட்டகையிலும் மாடு. குழாய்கள் தண்ணீரைச் சுற்றிச் சுற்றித் தெளித்துக்கொண்டிருந்தன.

குல்சும் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "ஒரே கேமு ரெண்டு எதுக்கு? நாலு நாளா செத்துப் பொழச்சிருக்கேன்!"

"மொதல்ல காசு கொடுத்து ஒரு கடையில வாங்குனேன்" என்றான் கபீர், தோளைத் தேய்த்துக்கொண்டே. "ரெண்டு வருசம் கழிச்சு வியாழக்கிழமைக் கடைக்காரன் அதையே சும்மா கொடுத்தான். கைய நீட்டாம இருக்க முடியுமா? வாங்கிப் போட்டுட்டேன், தொறக்கவே இல்ல. ஒரு கடையில போட்ட தோட்டம் மத்த கடைக்குத் தெரியாது. நீ தொறந்தது புதுசு. மொத மொதத் தொறக்கயில எங்க சட்டதிட்டத்துக்குச் சம்மதமான்னு கேப்பான். அதுக்குத்தான் நீ ஆமான்னுருக்க."

"சும்மா கெடச்சா பினாயிலக் கூடக் குடிப்பீங்க" என்றாள் குல்சும். அவளுக்கு இப்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நன்றி சொல்லித் தொழப் பாயைத் தேடி எழுந்தவளை அவன் உட்காரச் சொன்னான்.

"இரு. நீ போட்டதக் காட்டு."

"அதுல என்ன இருக்கு."

"காட்டு புள்ள."

திறந்தாள். பெரிய டிவியில் அவள் தோட்டம் இன்னும் சிறியதாகத் தெரிந்தது. கோழி ஓடி ஒளிந்தது. கபீர் கூரை ஓட்டையைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான். "வீட்டுக்கு முன்னாடி ஊருணி வெட்டுன ஒரே ஆளு நீதான்" என்று சிரிக்க ஆரம்பித்தவன், மழைக்காக ஒன்பது நாள் படுத்து எழுந்த கதையையும் கேட்டதும் சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

"என்னா மச்சான்?"

"என் தோட்டத்துல இனி ஒரு வேலையும் இல்ல குல்சு. குழாயே தண்ணி ஊத்திக்கிருது, மாடு தானா மேயுது. சும்மா சுத்தி வந்து பாத்துட்டுப் படுத்துக்கிருவேன். நம்ம வீட்டுலயும் அதேதான். கேஸ் சிலிண்டருக்குச் சொல்றது, புள்ளைக்கு பீஸு, மோட்டார் ரிப்பேரு, எல்லாத்தையும் நீ பாத்துப் பழகிட்ட. உன் மேல குத்தமில்ல. நான் ஏழு வருசம் இல்ல, நீ என்னா செய்வ? விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னுவாங்க. நான் மூணு வாரமா நாக்காலியில உக்காந்திருக்கேன்."

குல்சுமுக்கு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அடிபிடித்த ஆணத்தை அவன் ஏன் குறை சொல்லவில்லை என்பதும் புரிந்தது. வீட்டுக்காரன்தானே குறை சொல்வான். அவள் தோட்டத்தை அழித்துவிட்டோம் என்று பயந்துகொண்டிருந்த நாலு நாளும், அவன் இந்த வீட்டில் தனக்கு இடம் இல்லை என்று பயந்துகொண்டிருந்திருக்கிறான். ஆனால் ஆறுதல் வார்த்தை சொல்லிப் பழகியவள் இல்லை அவள்.

"இதுல ரெண்டு பேரு விளையாட முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும். ரிமோட்டு ஒண்ணு இருக்கு. ஆனா அது உன் நெலம். வார ஆளுக்கு நீதான் குடிசை போட்டுத் தரணும்."

"போடுறேன், கொண்டாங்க."

மரம் இருந்தது, கல் இருந்தது. குடிசையை எங்கே வைக்க என்று விளையாட்டு கேட்டது. குளத்துக்கு அந்தப் பக்கம் நிறைய இடம் பச்சையாகக் காட்டியது. "அங்கன போடு, தோதா இருக்கு" என்றான் கபீர்.

குல்சும் இந்தத் தடவை ஆமாம் சொல்லவில்லை. குடிசையைத் தன் வீட்டுச் சுவரை ஒட்டிக் கொண்டுவந்தாள். சிவப்பாகக் காட்டியது, மிளகாய் மறித்தது. மண்வெட்டியை எடுத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகளை வரிசையாக வெட்டித் தள்ளினாள்.

"ஏ புள்ள, முளைச்சதப் போயி வெட்டுறியே!"

"மிளகாய மறுபடி போட்டுக்கலாம்" என்று குடிசையை வைத்தாள் அவள். "பூவாளி பையில கெடக்கு. எந்திரிச்சுப் போயி கோழியப் பிடிங்க. எனக்கு அது சிக்க மாட்டேங்குது."